கம்பைத் தாண்டி நின்றவன்

சிங்கப்பூர் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கருவக்குளத்துக்கு அந்தச் செய்தி வர புதன்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. நாற்பத்திரண்டாம் வருஷம், மாசி பிறந்த சமயம்.

கருவக்குளம் பந்தல்குடியிலிருந்து மேற்கே மூன்று மைல் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. கரிப்புகையில் ஓடும் தூத்துக்குடி பஸ்ஸு ஒன்று பத்திரிகைக் கட்டைப் பந்தல்குடியில் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும். அதில் ஒரு பிரதி எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடை சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு வரும். அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை. பத்திரிகை வாங்குவது ஒரு கௌரவத்துக்கு. ஊரில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஆம்பளைகள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அடுத்த பத்திரிகை வந்துவிடும். நான் மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். அதனால் தினமும் மத்தியானம் கடை வாசலில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வது என் வேலையாகிப் போனது. பொம்பளை வாசித்து ஆம்பளைகள் கேட்பதாவது என்று முதலில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சண்டை சூடுபிடித்ததும் எல்லா முகமும் தானாகத் திரும்பி வந்தது.

நான் ஒன்றும் ஊருக்குச் சேவை செய்யப் போகவில்லை. என் தம்பி ஜான்ராஜ் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் இருந்தான். அவனைப் பற்றி ஒரு வரி வந்துவிடாதா என்றுதான் போனேன்.

பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். 'நமது படைகள் ஏற்கெனவே வகுத்த திட்டப்படி பின்வாங்கின' என்று போடுவார்கள். மறுநாளும் அதே வரி. திட்டப்படி பின்வாங்கிப் பின்வாங்கி மலேயா முழுக்கத் தீர்ந்து கடலோரத்துக்கு வந்துவிட்டார்கள். அடுத்து என்ன திட்டம் என்று மட்டும் ஒருத்தனும் எழுதவில்லை. அன்றைக்குப் பார்த்தால் பெரிய எழுத்தில், சிங்கப்பூர் சரணடைந்தது என்று இருந்தது. நான் அதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்தேன். கடை வாசலில் இருபது பேர் இருந்திருப்பார்கள். கடைசியில் அண்ணாச்சிதான், சரணடைந்தவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் பத்திரிகையில் இல்லை. ஆனால் என்னிடம் இருந்தது. இருந்தது என்று நினைத்தேன்.

நான் கண்ணால் பார்த்த சண்டை ஒன்றே ஒன்றுதான். எனக்கு அப்போது ஒன்பது வயசு. கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. அந்தத் தண்ணீரை எந்த மடை வழியாக விடுவது என்று எங்களுக்கும் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் தகராறு. அந்த ஊரை நாங்கள் அக்கரை என்றே சொல்வோம். ஒருநாள் காலையில் இரண்டு ஊர் ஆம்பளைகளும் கம்போடும் அரிவாளோடும் மடையில் கூடிவிட்டார்கள். பிள்ளைகளெல்லாம் கரைமேல் கருவேல மரத்தடியில் ஒளிந்து பார்த்தோம். எங்கள் பக்கம் ஆள் குறைவு. கொஞ்ச நேரத்திலேயே எங்கள் ஆட்கள் பின்னாலே பின்னாலே வந்தார்கள். அதைத் திட்டப்படி என்று சொல்ல அங்கே பத்திரிகைக்காரன் இல்லை.

அப்போது என் அய்யா அமிர்தராஜ் கையிலிருந்த கம்பைத் தரையில் குறுக்கே போட்டார். அதை ஒரு எட்டில் தாண்டி, அக்கரைக்காரர்கள் பக்கமாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓங்கின கம்புகள் அவரை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயின. இன்னும் ஆறு பேர் அதேபோலப் போட்டுத் தாண்டினார்கள். ரத்தினம் என்று ஒரு மாமா, வீம்புக்காரர், கம்பைப் போட மாட்டேன் என்று நின்றார். அவர் மண்டை பிளந்து வாய்க்காலில் விழுந்ததை நான் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பாகப் போய் அப்புறம் வழக்கம்போலக் கலங்கலாக ஓடியது.

கம்பைப் போட்டுத் தாண்டினவனை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தொட்டவன் வம்சம் விளங்காது. இது யார் போட்ட சட்டமோ தெரியாது. இரண்டு கரைக்காரர்களும் அதை மீறினதில்லை. தாண்டினவனைக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கூழ் ஊற்ற வேண்டும். பொழுது சாய அவன் வீட்டுப் பொம்பளை வந்து கூட்டிப் போவாள். அன்று சாயங்காலம் என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போனாள். அய்யா வேப்ப மரத்தடியில் கலயத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். காலையில் அரிவாளோடு நின்ற ஒருத்தர் அவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளை என் கையில் கருப்பட்டித் துண்டு ஒன்றைத் திணித்தாள். ஊரில் அய்யாவை ரொம்ப நாள் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்து, தன் பாயில் படுத்து, நல்ல சாவு செத்தார்.

இது ஒன்று. இன்னொன்று, சிங்கப்பூர் விழுவதற்கு முந்தின வருஷம் நான் பார்த்த படம். என் வீட்டுக்காரர் சுவாமிதாஸ் பருத்தி லோடு ஏற்றி அருப்புக்கோட்டைக்கு வண்டி அடிப்பவர். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய் டென்ட் கொட்டகையில் படம் காட்டினார். கதைக்கு முன்னால் யுத்தச் செய்திப் படம் ஓட்டினார்கள். ஏதோ ஒரு மணல் தேசம். ஆயிரக்கணக்கில் இத்தாலிச் சிப்பாய்கள் கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். நம் நாட்டுப் பட்டாளத்துக்காரர்கள், தலைப்பாகை கட்டினவர்கள், வாளியிலிருந்து அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு இத்தாலிக்காரப் பையன் கோப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தான். எனக்கு ஒரே சந்தோஷம். அடடா, உலகம் பூராவும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதனால் அண்ணாச்சி கேட்டதும் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கம்பைப் போட்டுட்டாக அண்ணாச்சி. இனிமே அவுகள யாரும் தொட மாட்டாக. சண்டை முடியுற வரைக்கும் கூழ் ஊத்தி வச்சிருப்பாக. நான் அருப்புக்கோட்டைல படத்துல பாத்தேன்" என்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் நெஞ்சு லேசானது. சத்தமாகச் சொல்லச் சொல்ல அது உண்மையாகிக்கொண்டே வந்தது.

வீட்டில் சாப்பிடும்போது சுவாமிதாஸ் மெதுவாக ஒரு பேச்சை எடுத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நாம ஊத்துனோம், சரி. அவன் ஊத்துவான்னு ஒனக்கு யாரு சொன்னா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நீங்கள் யார் பக்கம், என் தம்பி சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று கத்தினேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ரங்கூன் அரிசி நின்றுபோனது. குதிரைவாலிக்கே அடிதடி. அருப்புக்கோட்டையிலிருந்து பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஊர் ஊராக வந்து போனார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாளின் மகன் சண்முகவேல் சேருவதாகச் சொல்லிவிட்டான். பெத்தம்மாள் புருஷனை இழந்தவள். ஒரே பிள்ளை. அவர்கள் இந்துக்கள், நாங்கள் வேதக்காரர்கள். ஆனாலும் நான் அவளை மதினி என்பேன், அவன் என்னை அத்தை என்பான். பத்தொன்பது வயசு. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். ஆத்தா வேண்டாம் என்று சொன்னால் போக மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். ஆகவே முடிவு அவள் கையில் இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

நான் முற்றத்தில் குதிரைவாலி குத்திக்கொண்டிருந்தேன். அவள் எதிரே வந்து குத்த வைத்து உட்கார்ந்தாள். நேராகவே கேட்டாள். "பேப்பர் படிக்கிறவ நீ. ஒலகம் தெரிஞ்சவ. வேண்டாம்னு நீ ஒரு வார்த்த சொல்லு, அவன் கால ஒடிச்சாவது வீட்டுல போட்டுர்றேன். போகட்டும்னா போகட்டும். எனக்கு ஒண்ணும் தெரியல சவுந்தரம்."

உலக்கையைக் கீழே வைத்தேன். நான் அன்று என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அனுப்பாதே என்று சொல்ல என் நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், ஏன் என்று அவள் கேட்பாள். பிடிபட்டால் கொன்றுவிடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டும். அப்படியானால் ஜான்ராஜ்? அவன் செத்திருக்கலாம் என்று என் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். என்னால் அது முடியவில்லை. என் தம்பி அங்கே கூழ் குடித்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால், பெத்தம்மாள் மகன் பட்டாளத்துக்குப் போனால் ஆபத்தில்லை என்று நான் சொல்லியாக வேண்டும்.

"அனுப்புங்க மதினி" என்றேன். "மிஞ்சிப்போனா துப்பாக்கியக் குறுக்க போட்டுத் தாண்டி நிக்கட்டும். எந்தம்பி நிக்கலையா?"

அவள் என் கன்னத்தைத் தொட்டுக் கையை உதட்டில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

புறப்படுகிற அன்று காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெத்தம்மாள் மகனை முற்றத்தில் நிறுத்தி மாட்டுத் தார்க்கம்பை அவன் கையில் கொடுத்தாள். போட்டுத் தாண்டு என்றாள். அவன் சிரித்தான். ஆத்தா, அங்கே போய் இதெல்லாம் செய்ய முடியாது, எல்லாரும் கேலி பண்ணுவார்கள் என்றான். அவள் விடவில்லை. அவன் விளையாட்டாகப் போட்டுத் தாண்டினான். மறுபடியும் என்றாள். இரண்டாவது தடவை கம்பைப் பார்த்துக்கொண்டே தாண்டினான். கீழே பார்க்காதே, எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார் என்றாள். நான் வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஊரில் அந்தச் சண்டையை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி அல்லவா. உள்ளே போய், கையை இப்படித் தொங்கவிடக் கூடாது, நெஞ்சுக்கு நேரே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவன் கைகளைப் பிடித்துக் கட்டிவிட்டேன். கம்பு குதிகாலுக்குப் பின்னால் கிடக்க வேண்டும், ஒதுங்கி நிற்கக் கூடாது, நகரக் கூடாது என்றும் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாகச் செய்தான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

"சரியா அத்தை?" என்று கேட்டான்.

சரி என்றேன்.

அவன் பெயரையும் எங்கள் வேதக்கோயில் ஜெபத்தில் சேர்க்க வேண்டும் என்று பெத்தம்மாள் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சபை ஐயர் பட்டாளத்துக்காரர்களின் பெயரை வாசிக்கும்போது அவள் வெளியே வேப்ப மரத்தடியில் வந்து நிற்பாள். சண்முகவேல் என்ற பெயர் காதில் விழுந்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். அவனிடமிருந்து மாதத்துக்கு ஒரு கடுதாசி வரும். பாதி வரிகளை மையால் அடித்திருப்பார்கள். மிச்சம் இருப்பது சுகம், சுகமறிய ஆவல். எங்கேயோ மலைக்காட்டில் ரோடு போடுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

நாற்பத்து மூன்றில் ஜான்ராஜிடமிருந்து ஒரு அட்டை வந்தது. இங்கிலீஷில் அச்சடித்த அட்டை. சபை ஐயர்தான் வாசித்து அர்த்தம் சொன்னார். நான் நலமாக இருக்கிறேன், என் உடல்நிலை மிகவும் நன்றாக இருக்கிறது, கூலிக்கு வேலை செய்கிறேன். கீழே கையெழுத்து மட்டும் அவனுடையது. நான் அழுது முடித்து, அந்த அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டினேன். எல்லாக் கைதிக்கும் உடல்நிலை நன்றாக இருக்கும் என்று எப்படி முன்கூட்டியே அச்சடிக்க முடிந்தது என்று அண்ணாச்சி கேட்டார். புரை விழுந்த கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெத்தம்மாள் மட்டும் அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுவருஷம் பங்குனியில் ஜப்பான்காரர்கள் மணிப்பூருக்குள் வந்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பழையபடி திட்டங்கள் ஆரம்பமாயின. வைகாசியில் பெத்தம்மாளுக்குச் சர்க்கார் உறை வந்தது. அதையும் ஐயர் வாசித்தார். சண்முகவேலைக் காணவில்லை என்றிருந்தது. செத்தான் என்று இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. தெருவே கூடி அவள் வாசலில் நின்றது. அழுவதற்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து அழுவதா வேண்டாமா என்று திகைத்தார்கள்.

"போட்டுத் தாண்டிட்டான்" என்றாள் பெத்தம்மாள். "அதான் காணல. இவ தம்பியையும் இப்படித்தான மொதல்ல காணலன்னாக."

ஐயர் ஜெபத்தில் அவன் பெயரை எந்த வரிசையில் வாசிப்பது என்று என்னிடம் தனியாகக் கேட்டார். உயிரோடு இருப்பவர்கள் வரிசையிலேயே வாசியுங்கள் என்றேன். ஒன்றரை வருஷம் அப்படித்தான் வாசித்தார்.

நாற்பத்தைந்து முடிகிற சமயத்தில் ஜான்ராஜ் வந்து சேர்ந்தான். பந்தல்குடி பஸ்ஸிலிருந்து இறங்கினவனை நான் தாண்டிப் போய் வேறு ஆளைத் தேடினேன். அக்கா என்று கூப்பிட்டதும்தான் திரும்பினேன். முன்பல் இரண்டும் இல்லை. சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. வீட்டில் கஞ்சி ஊற்றினால் கலயத்தை ஒரு கையால் சுற்றி அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தான். என்ன நடந்தது என்று கேட்டால் தூக்கம் வருகிறது என்பான்.

மூன்றாம் நாள் பெத்தம்மாள் வந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "கூழ் குடுத்தாகளா தம்பி?"

ஜான்ராஜ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "குடுத்தாக மதினி" என்றான். அவள் சந்தோஷமாகப் போனாள். அவள் தலை மறைந்ததும் அவன் என் பக்கம் திரும்பினான். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஏற்றி ஏதோ ஒரு தீவில் கொண்டுபோய்ப் போட்டார்களாம். போன ஐந்நூறு பேரில் திரும்பினவர்கள் நூறு பேர்கூட இல்லையாம். சோறு கேட்டவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி அடித்தே கொன்றார்களாம். அவ்வளவையும் ஏதோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி சொன்னான். கடைசியில், "கூழ்னு இவுகளுக்கு யாருக்கா சொன்னது?" என்று கேட்டான். நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கோட்டைச்சாமி வந்தான். குமாரலிங்கபுரத்துக்காரன், முப்பது வயசு இருக்கும், வலது கால் தாங்கித் தாங்கி நடந்தான். சண்முகவேல் வீட்டைத் தேடிக் கடையில் விசாரித்திருக்கிறான். அந்த வீட்டுக்கு வருகிற கடுதாசி, தகவல் எல்லாம் சவுந்தரம் மூலமாகத்தான் என்று அண்ணாச்சி என்னிடம் அனுப்பிவிட்டார். பெத்தம்மாள் பருத்தி எடுக்கப் போயிருந்தாள். நான் அவனை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். அவன் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

இருவரும் ஒரே கூட்டத்தில் ரோடு போட்டவர்கள். மலையில் ஒரு சின்னப் பாலத்துக்குப் பதினாறு பேரைக் காவலுக்கு விட்டிருந்தார்கள். விடிகாலையில் ஜப்பான்காரர்கள் பின்பக்கமாக வந்துவிட்டார்கள். சுட்டுப் பார்த்தார்கள், தாங்கவில்லை. மூங்கில் காட்டுக்குள் ஓடுங்கள் என்று அவில்தார் கத்தினார். ஓடும்போது கோட்டைச்சாமிக்குத் தொடையில் குண்டு பட்டுப் பள்ளத்தில் விழுந்தான். செத்த மாதிரி கிடந்தான். அங்கிருந்து பார்த்தால் சண்முகவேல் தெரிந்தான்.

"ஓடியிருந்தா தப்பிச்சிருப்பான்க்கா. அவன் பின்னாடி காடு தொறந்து கெடந்துச்சு. காலு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் ஓடல. துப்பாக்கியக் குறுக்க கீழ வச்சான். அத ஒரு எட்டுல தாண்டி அவங்ஙெ பக்கமா வந்து, கையக் கட்டிக்கிட்டு நின்னான்."

அது நான் கட்டிவிட்ட கை. கோட்டைச்சாமிக்கு அது தெரியாது.

"வந்தவங்ஙெ ரெண்டு பேரு. ஒரு நிமிசம் அவங்ஙெளுக்கும் ஒண்ணும் புரியல. ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டாங்ஙெ. அப்புறம் துப்பாக்கி முனையில கத்தி இருக்கும்லக்கா, அதால குத்துனாங்ஙெ. இவன் கைய எடுக்கல. நகரவும் இல்ல. குத்துன பெறகும் அவங்ஙெ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். ஏதோ தப்பு நடந்துபோச்சு, இப்பத் திருத்திக்கிருவாகங்கிற மாதிரி."

ஏன் அப்படிச் செய்தான் என்று தனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை என்றான். உங்கள் ஊரில் ஏதும் சாமி கும்பிடுகிற முறையா என்று கேட்டான். குமாரலிங்கபுரம் இங்கிருந்து ஒரு பகல் நடைதான். அங்கேயே இந்தப் பழக்கம் தெரியாது. எங்கள் கண்மாயின் இரண்டு கரையைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தெட்டு வயசில்.

எனக்குத் தெரியாது என்றேன்.

அவன் ஆத்தாவிடம் எப்படிச் சொல்வது, வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், வாய் வரவில்லை என்றான். நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள் என்றேன். அவனுக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போயிட்டு வாரேன்க்கா என்று கிளம்பினான்.

பெத்தம்மாள் வேலை செய்த புஞ்சை ஊருக்குத் தெற்கே. கரிசல் வெடித்துக் கிடந்த வெயிலில் நடந்தேன். நடக்கும்போதே உண்மையையும் பொய்யையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னபடியே செய்தான், செய்ததால் கொன்றார்கள் என்று சொன்னால் அந்தப் பொம்பளை தாங்க மாட்டாள். மகனைத் தன் வாயாலேயே கொன்றதாக நினைப்பாள். இரக்கத்தோடு யோசிக்கிறேன் என்றுதான் எனக்கே தோன்றியது. பாதி வழியில் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. அவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவள் யார்? அவன் கைகளைப் பிடித்துக் கட்டிவிட்டவள் யார்? நான் பயந்தது பெத்தம்மாள் நெஞ்சுக்காக இல்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாளே, அதற்காகத்தான்.

அவள் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரல் நின்றது. நான் இந்த நேரத்தில் புஞ்சைக்கு வருகிறவள் இல்லை.

"அவன்கூட இருந்த ஒருத்தரு வந்தாரு மதினி" என்றேன். "சண்முகவேலு இல்ல. ரெண்டு வருசமாச்சாம். கடைசி வரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்தானாம். துப்பாக்கியக் கீழ வைக்கவே இல்லையாம்."

அவள் அழவில்லை. செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். மடியிலிருந்த பருத்தி தரையில் சரிந்தது.

"தாண்டலையா?"

"தாண்டல."

"நேரமில்லாம போச்சாமா?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. மகனுக்கு நான் ஒரு சாக்கு கொடுத்துவிட மாட்டேனா என்று அவள் தவித்தது எனக்குத் தெரிந்தது. நேரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வாயில் வரவில்லை. தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவைத்தேன். அவள் அதை, நேரம் இருந்தது என்றே எடுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. செத்த பிள்ளைமேல் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் கரிசலை அடித்தாள். மூன்று தடவை செய்ய வைத்தேனே, படித்துப் படித்துச் சொன்னேனே, அன்றைக்கே சிரித்தானே, எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா என்று கத்தினாள். பெற்றவள் சொல்லை மதிக்காத பயல், அப்பன் புத்தி, வீம்பு, என்னை அநாதையாக விட்டுவிட்டுப் போக இவனுக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினாள். தள்ளிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், சண்முகவேல் சொல்பேச்சுக் கேட்காமல் செத்தவன் என்று.

கத்தி ஓய்ந்ததும் என் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரல்கள் பருத்திக் காய் கீறி ரத்தம் கட்டியிருந்தன. அந்தக் கைகளால் என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ நல்லதத்தான் சொன்ன தாயி. ஒந்தம்பி கேட்டான், பொழச்சு வந்தான். எம்பிள்ள கேக்கல."

"ஆமா மதினி" என்றேன். "கேக்கல."